வகுப்பறைக்கு வெளியே போட்ட மேசை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு, இரவு சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் உறவில் ஒரு பெண், பி.எட். முடித்துச் சில வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள், "கல்வியும் சமூகக் கொள்கையும்" என்ற முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். குடும்பக் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். "டீச்சர் வேலைக்கு பி.எட். போதாதா?", "இதைப் படித்தால் சம்பளம் கூடுமா?", "சமூகக் கொள்கை என்பது அரசியல்வாதிகள் பார்க்க வேண்டியது, டீச்சருக்கு என்ன சம்பந்தம்?" என்று ஆளுக்கொரு கேள்வி. என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வேலைக்குச் சேர்ந்து, அதோடே ஓய்வு பெற்றவள். முதுகலைப் படிப்பின் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த மூன்றாவது கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கல்வியியலில் மேல்படிப்பு படிக்கப் போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதை அது. நடந்த இடம் அமெரிக்கா, ஓக்லஹோமா மாநிலம். காலம் 1948.

முதலில் அன்றைய சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ரயில் பெட்டியில் வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி என்று பிரிப்பது சட்டப்படி சரி, இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். "தனி, ஆனால் சமம்" என்ற இந்தக் கொள்கை ரயிலோடு நிற்கவில்லை. தென் மாநிலங்களில் பள்ளி, மருத்துவமனை, பூங்கா, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் பரவியது. "தனி" மட்டும் எங்கும் தவறாமல் நடந்தது. "சமம்" காகிதத்தில் இருந்தது.

ஓக்லஹோமாவில் சட்டம் இன்னும் கடுமை. இரண்டு இனத்து மாணவர்களையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்துவதே அங்கு குற்றம். கல்லூரித் தலைவருக்கு நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம், அப்படிப்பட்ட வகுப்பில் போய் உட்காரும் மாணவனுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் வரை அபராதம். படித்ததற்கு அபராதம் என்பதை நம் காலத்துப் பிள்ளைகளால் நம்பக்கூட முடியாது.

கறுப்பின மாணவர்களுக்கென்று அந்த மாநிலத்தில் லாங்ஸ்டன் என்ற ஒரு கல்லூரி இருந்தது. அங்கே இளங்கலைப் பட்டம் வரை படிக்கலாம். அதற்கு மேல் படிக்க மாநிலத்துக்குள் இடமே இல்லை. அப்படியானால் கறுப்பின ஆசிரியர்கள் முதுகலைக்கு என்ன செய்தார்கள்? தென் மாநிலங்கள் பலவும் ஒரு தந்திரம் வைத்திருந்தன. "வெளி மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம்." பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பையன் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய விடாமல் இருப்பதற்கு அரசு கொடுத்த பயணப்படி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அப்படியும் ஆசிரியர்கள் போனார்கள். கோடை விடுமுறைதோறும் ரயில் ஏறி நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போய், கோடைக்குச் சில பாடம் என்று சேர்த்துச் சேர்த்து முதுகலை முடித்தவர்கள் ஏராளம்.

இந்த அமைப்பை உடைக்க என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்பவர் ஆசான், தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் ஆரம்பப் பள்ளியில்தான் தொடங்கியிருக்க வேண்டும், அங்கேதானே லட்சக்கணக்கான குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மேல்படிப்பைப் பிடித்தார்கள். காரணம் எளிது. ஆரம்பப் பள்ளி என்றால் "உங்களுக்கும் ஒரு கட்டடம் இருக்கிறதே" என்று அரசு சொல்லிவிடும். சட்டக் கல்லூரியோ முனைவர் படிப்போ என்றால் காட்டுவதற்குக் கட்டடமே கிடையாது. அடித்தளத்தை விட்டுவிட்டுக் கூரையிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள்.

1938-இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் கெயின்ஸ் என்ற இளைஞரின் வழக்கில் முதல் வெற்றி. வெளி மாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவக் கூடாது, சட்டப் படிப்பை மாநிலத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கெயின்ஸ் அந்தக் கல்லூரிக்குள் கால் வைக்கவில்லை. 1939-இல் சிகாகோவில் காணாமல் போனார். என்ன ஆனார் என்பது இன்று வரை புதிர்.

அடுத்து ஓக்லஹோமா. 1946 ஜனவரியில் அடா லோயிஸ் சிப்புவெல் என்ற 21 வயதுப் பெண் ஓக்லஹோமா பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தார். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் லின் கிராஸ். மாணவி சேர முடியாது என்பது சட்டம். அதை அவரால் மாற்ற முடியாது. ஆனால் "மதிப்பெண் போதாது" என்றோ "இடம் இல்லை" என்றோ ஒரு சாக்குச் சொல்லி அவர் நழுவவில்லை. இந்தப் பெண்ணுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, இனம் ஒன்றுதான் தடை என்று எழுத்தில் கொடுத்தார். அந்தக் கடிதம்தான் வழக்குக்கு அடிப்படை ஆனது. அலுவலகத்தில் இருக்கும் என் மாணவர்களே, இதைக் கவனியுங்கள். மாற்ற முடியாத விதியின் கீழ் வேலை செய்கிறவரால்கூட, ஒரு கோப்பில் உண்மையை எழுத முடியும்.

1948 ஜனவரியில் சிப்புவெல் வழக்கில் தீர்ப்பு வந்தது, சட்டக் கல்வி தர வேண்டும் என்று. மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? சில நாட்களுக்குள் தலைமைச் செயலகக் கட்டடத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, மூன்று வழக்கறிஞர்களை ஆசிரியர்களாகப் போட்டு, "இதோ உங்களுக்கான சட்டக் கல்லூரி" என்றது. சிப்புவெல் அதில் சேர மறுத்துவிட்டார்.

இப்போதுதான் நம் கதாநாயகர் வருகிறார். ஜார்ஜ் மெக்லாரின். லாங்ஸ்டனில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகலைப் பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க வேண்டும் என்று 1948 ஜனவரி இறுதியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். அவரோடு இன்னும் ஐந்து பேர் வெவ்வேறு மேல்படிப்புகளுக்கு விண்ணப்பித்தார்கள். எல்லோரையும் மறுத்துவிட்டார்கள். மெக்லாரின் நீதிமன்றம் போனார். மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம், அவரைச் சேர்க்க மறுத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1948 அக்டோபரில் அவர் வகுப்புக்குப் போனார்.

ஆனால் எந்த வகுப்புக்கு? பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது, "பிரித்து வைத்துத்தான்" என்ற நிபந்தனையோடு. வகுப்பறையை ஒட்டி ஒரு சிறிய முன்னறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து வாசல் வழியாக எட்டிப் பார்த்துப் பாடத்தைக் கேட்க வேண்டும். உள்ளே வெள்ளை மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, தலை நரைத்த ஒரு மனிதர் கதவுக்கு அப்பால் தனியாக உட்கார்ந்து குறிப்பெடுக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. தேடிப் பாருங்கள். எத்தனையோ வருடம் தன் மாணவர்களை எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர் அவர்.

நூலகத்தில் மற்றவர்கள் படிக்கும் கூடத்தில் அவர் உட்காரக் கூடாது, இடைத்தளத்தில் ஒரு தனி மேசை. கேன்டீனில் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் வரக் கூடாது. அவர் மறுபடி நீதிமன்றம் போனார். வழக்கு மேலே போகப் போக, பல்கலைக்கழகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முன்னறையிலிருந்து வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் அவர் உட்காரும் பகுதியைச் சுற்றி ஒரு கம்பித் தடுப்பு, "கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது" என்று ஒரு பலகை. பிறகு தடுப்பையும் பலகையையும் எடுத்தார்கள், ஆனால் தனி வரிசை. நூலகத்தில் கீழ்த்தளத்துக்கு வரலாம், ஆனால் தனி மேசை. கேன்டீனில் அதே நேரத்தில் சாப்பிடலாம், ஆனால் தனி மேசை. ஒவ்வொரு முறையும் ஒரு "ஆனால்" மிச்சம் இருந்தது.

அரசுத் தரப்பின் வாதத்தைக் கேட்டால் நமக்கே ஒரு நிமிடம் குழப்பமாகத்தான் இருக்கும். அதே கட்டடம், அதே பேராசிரியர், அதே பாடம், அதே புத்தகம். நாற்காலி எங்கே கிடக்கிறது என்பது ஒரு விஷயமா?

1950 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி வின்சன் எழுதிய அந்தத் தீர்ப்பின் கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒன்று: நாற்காலி எங்கே கிடக்கிறது என்பது விஷயம்தான். படிப்பு என்பது ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்குவது மட்டும் அல்ல. சக மாணவர்களோடு விவாதிப்பது, கருத்தைப் பரிமாறிக்கொள்வது, தொழிலைக் கற்றுக்கொள்வது எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. பிரித்து வைத்தால் இதெல்லாம் குறைகிறது.

இரண்டு: தடையை எடுத்தாலும் மற்ற மாணவர்கள் அவரோடு பழகாமல் போகலாமே என்று வாதிட்டார்கள். அது வேறு என்றது நீதிமன்றம். ஒரு தனி மனிதன் பேச மறுப்பது வேறு, பேசவே கூடாது என்று அரசு சுவர் எழுப்புவது வேறு. அரசின் வேலை சுவரை எடுப்பது. அதற்குப் பிறகு அந்த மனிதர் தன் குணத்தால் நட்பைச் சம்பாதித்துக்கொள்ள வாய்ப்பாவது இருக்கும்.

மூன்றாவதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம். மெக்லாரின் படிப்பது கல்வியியல். அவர் நாளைக்கு மற்றவர்களுக்குக் கற்பிக்கப் போகிறவர், வழிகாட்டப் போகிறவர். அவருடைய பயிற்சியில் எவ்வளவு குறை விழுகிறதோ, அவ்வளவு குறை அவரிடம் படிக்கப் போகும் பிள்ளைகளின் படிப்பிலும் விழும் என்றது தீர்ப்பு.

இதை இரண்டு முறை படியுங்கள். உயர்படிப்பு என்றாலே ஊக்க ஊதியம், பதவி உயர்வு என்று கணக்குப் போட்டுத்தான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அதில் தவறில்லை, ஆசிரியருக்கும் வீடு வாசல் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆசிரியரின் படிப்பு அவருடைய சொந்தச் சொத்து மட்டும் அல்ல, இனிமேல் அவரிடம் வரப்போகும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்று சட்டக் காரணமாகவே எழுதி வைத்திருக்கிறது.

அதே நாளில் டெக்சாஸ் மாநிலத் தபால்காரர் ஹேமன் ஸ்வெட் என்பவரின் சட்டக் கல்லூரி வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் "தனி, ஆனால் சமம்" என்ற சுவரில் விழுந்த பெரிய விரிசல்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியையையும் நினைவுகூர வேண்டும். நான்சி ராண்டால்ஃப் டேவிஸ். ஓக்லஹோமாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் மனையியல் ஆசிரியை. 1949-இல் முதுகலை படிக்க அதே மாநிலத்தின் வேளாண் கல்லூரிக்குப் போனார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவி அவர்தான். அவரையும் வகுப்புக்கு வெளியேதான் உட்கார வைத்தார்கள். ஒரு தேர்வில் அவர் இரண்டாவது அதிக மதிப்பெண் வாங்கியதும், உள்ளே இருந்த வெள்ளை மாணவர்களே, "இவரை ஏன் வெளியே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதன் பிறகு உள்ளே வந்தார். 1952-இல் முதுகலை முடித்தார், பல வருடம் பள்ளியிலேயே பணி செய்தார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி ஒன்றுக்கு அவருடைய பெயர்.

கூரையைப் பிரித்தாயிற்று. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்த முறை ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தன் தீர்ப்பில் மெக்லாரின் வழக்கை எடுத்துக் காட்டினார். வளர்ந்த மனிதருக்கே பிரித்து வைப்பது இவ்வளவு பாதிப்பு என்றால், சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம் அல்லவா என்பது வாதம். பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்ட விரோதம் ஆனது.

அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் சமூக அறிவியல் ஆய்வுகள் சில பட்டியலிடப்பட்டன. முதலில் இருப்பது கென்னத் கிளார்க் என்ற உளவியலாளரின் கட்டுரை. அவரும் அவர் மனைவி மேமி கிளார்க்கும் குழந்தைகளிடம் நடத்திய பொம்மைச் சோதனை உலகப் புகழ் பெற்றது. வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை இரண்டையும் கொடுத்து, "எது நல்ல பொம்மை? எது கெட்ட பொம்மை? எது உன்னைப் போல இருக்கிறது?" என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். கடைசிக் கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுகொண்டு ஓடிவிட்டன.

இந்த ஆய்வுக்கு விதை எது தெரியுமா? மேமியின் முதுகலை ஆய்வேடு. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1939-இல் முடித்தது. பள்ளிக்குப் போகும் வயது வராத கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எப்படி வருகிறது என்பதுதான் தலைப்பு. முதுகலை ஆய்வேடு என்றால் அலமாரியில் தூசி படியும் என்று நினைக்கிறோம். ஓர் இளம்பெண் குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் வளர்ந்து வளர்ந்து, பதினைந்து வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்துக்குள் போயிருக்கின்றன.

கதை இங்கேயே முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் வரலாற்றை அரைகுறையாகச் சொல்லக் கூடாது என்று உங்களிடம் வகுப்பில் சொன்னவள் நான்.

பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு மாற்றினார்கள். ஆசிரியர்களை மாற்றவில்லை. கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள், அங்கிருந்த ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1954-லிருந்து 1965 வரை, 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 பேர் வேலை இழந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கோடைதோறும் ரயில் ஏறிப் போய் முதுகலை வாங்கி வந்தவர்கள் அவர்களில் பலர். தகுதிக்குக் குறைவில்லை, ஆனால் வெள்ளைக் குழந்தைகளுக்கு அவர்கள் பாடம் நடத்துவதைப் பெற்றோர் ஏற்க மாட்டார்கள் என்றது நிர்வாகம். பிள்ளைகள் நல்ல கட்டடத்துக்குப் போனார்கள். ஆனால் தங்கள் பெயரையும், வீட்டையும், அம்மா என்ன வேலைக்குப் போகிறார் என்பதையும் அறிந்திருந்த ஆசிரியர்களை இழந்தார்கள்.

நல்ல தீர்ப்பு, நல்ல நோக்கம். அப்படியும் ஏன் இப்படி ஆனது? தீர்ப்பு சொன்னவர்கள் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்தார்கள். ஆசிரியர் எங்கே நிற்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சட்டத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் படிப்பதற்குத்தான் "கல்வியும் சமூகக் கொள்கையும்" என்று ஒரு பாடம். ஒரு சட்டம் வந்தால் யாருக்குக் கிடைக்கிறது, யாரிடமிருந்து போகிறது, எவ்வளவு செலவு, பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எண்ணிப் பார்ப்பது அந்தப் படிப்பு.

அப்படி எண்ணிப் பார்த்த பெரிய முயற்சி 1966-இல் வந்தது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் கேட்டுக்கொண்டபடி, ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் குழு சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சம் மாணவர்களை ஆய்வு செய்தது. பள்ளிக் கட்டடம், ஆய்வகம் ஆகியவற்றில் உள்ள வித்தியாசத்தைவிட, பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணில் அதிகம் பேசுகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளியில் உள்ளவற்றில் நல்ல ஆசிரியரின் தாக்கம் குறிப்பிடத்தக்கது, அதுவும் பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகம் என்பது. இதை நாம் எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே அறிவோம். ஆனால் நிதி ஒதுக்குகிறவர் மேசையில் புள்ளிவிவரம்தான் பேசும்.

"அரசியல்வாதிகள் பார்க்க வேண்டியது" என்றவர்களுக்கும் ஒரு செய்தி. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொண்டுபோன 1965-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். இருபது வயதில் டெக்சாஸில் கொட்டூலா என்ற சிற்றூரில், மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பசியோடு பள்ளிக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். சட்டத்தில் கையெழுத்திடத் தான் சிறுவயதில் படித்த பழைய பள்ளிக்கூடத்துக்கே போனார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது தன் முதல் ஆசிரியையை.

ஆகவே உறவுகளே, அந்தப் பெண் படிக்கட்டும் என்பதே என் கருத்து. செலவு, கடன், கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அவள் அப்பா அம்மா உட்கார்ந்து பேசட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் "டீச்சருக்கு இது எதற்கு?" என்று மட்டும் இனி யாரும் கேட்க வேண்டாம். அவளிடமும் ஒன்று சொல்கிறேன். பட்டம் வாங்கிக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதும் நாள் வந்தால், எழுதும் முன் ஒரு வகுப்பறையில் ஒரு முழு நாள் உட்கார்ந்துவிட்டு வா. அந்த 38,000 ஆசிரியர்களை மறந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் இருபது பேருக்கு மேல் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளை வகுப்புக்குள் நுழைந்ததும் பாடத்தை ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைசி பெஞ்சில் யார், ஏன்? யாருடைய பக்கத்தில் யாரும் உட்காரவில்லை? அது தானாக அமைந்ததா, யாராவது அமைத்ததா? பார்த்ததை இங்கே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், பார்த்தது மட்டும் போதும். நான் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்